ஸ்பைடருக்கு அப்பா யார்?

சிவகாசியில் அச்சான பழைய லயன் காமிக்ஸ் இதழ்களில் கதையை எழுதியவர் பெயர் இருக்காது. படம் வரைந்தவர் பெயரும் இருக்காது. இரும்புக்கை மாயாவி, ஸ்பைடர், ஆர்ச்சி என்று நாயகர்களின் பெயர்களை மனப்பாடமாகச் சொல்லும் வாசகர்களுக்கு அவர்களைப் படைத்த ஒருவரின் பெயரும் தெரியாது. என் தேடல் இந்த வெற்றிடத்தில்தான் தொடங்கியது.

பேராக் மாநிலத்தின் ரப்பர் தோட்டங்களில் தமிழர்கள் எதையெல்லாம் வாசித்தார்கள் என்று சில காலமாகத் தேடி வருகிறேன். ஈப்போவிலிருந்து வடக்கே செம்மோர், சுங்கை சிப்புட் பக்கம் போனால் பழைய தோட்டங்களின் பெயர்கள் இன்று சாலைப் பலகைகளிலும் வீடமைப்புப் பகுதிகளின் வாயில்களிலும்தான் மிச்சம். லயத்து வீடுகள் போய்விட்டன. பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது, அல்லது தாமான் எழும்பியிருக்கிறது. அப்படி ஒரு தாமானில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் ஒருவர், சிறு வயதில் சேர்த்த காமிக்ஸ் கட்டை எனக்குக் காட்டினார். பெரும்பாலும் 1980களின் லயன், முத்து, ராணி காமிக்ஸ். அட்டை கிழிந்தவற்றுக்கு நாட்காட்டித் தாளில் அட்டை போட்டிருந்தார்.

அவருடைய அப்பா சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டியவர். எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். மாலையில் மகன் உரக்க வாசிப்பார், அப்பா படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பார். "ஒருநாள் அப்பா கேட்டாரு தம்பி, ‘இந்த ஸ்பைடருக்கு அப்பன் ஆத்தா யாருன்னு எங்கயாவது போட்டிருக்கா பாரு’ன்னு. நானும் எல்லாப் புத்தகத்தையும் பொரட்டிப் பாத்துட்டேன். எங்கயும் இல்ல. ‘என்னை மாதிரியா’ன்னாரு. அப்புறம் ஒன்னும் பேசல."

அந்த அப்பாவின் அப்பா 1943இல் சயாமுக்குப் போனவர். திரும்பவில்லை.

அந்தக் கேள்விக்கு விடை தேடுவது என் கடமை என்று தோன்றியது. ஸ்பைடருக்கு ஏன் பெற்றோர் இல்லை? அவனை எழுதியவர் யார்? அவர் ஏன் அவனை அப்படி எழுதினார்?

முதல் தடயம் சிவகாசி. 1972இல் முத்து காமிக்ஸைத் தொடங்கியவர் எம். சௌந்திரபாண்டியன். முதல் இதழே இரும்புக்கை மாயாவி. 1984இல் அவர் மகன் எஸ். விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். ஸ்பைடர் தமிழ் பேசத் தொடங்கியது அங்கேதான். இரண்டு நாயகர்களுமே லண்டன் ஃப்ளீட்வே நிறுவனத்தின் வார இதழ்களிலிருந்து உரிமை பெற்று வந்தவர்கள். மாயாவி ‘வேலியன்ட்’ இதழில் 1962 அக்டோபரிலும், ஸ்பைடர் ‘லயன்’ இதழில் 1965 ஜூன் 26ஆம் தேதியும் முதன்முதலில் வந்தார்கள். நம்முடைய சிவகாசி லயனுக்கும் அந்த லண்டன் லயனுக்கும் பெயர் ஒன்றாக இருப்பதை நம் வாசகர்களில் பலர் கவனித்ததில்லை.

லண்டன் இதழ்களிலும் பெயர் கிடையாது. அந்தக் காலத்து பிரிட்டிஷ் வார இதழ்கள் எழுத்தாளரையும் ஓவியரையும் மறைத்தே வைத்தன. கூலிக்கு வரைந்தார்கள், எழுதினார்கள், யார் என்று எங்கும் பதியாமல் போனார்கள். மாயாவியை எழுதியவர் கென் புல்மர், வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஹெசூஸ் பிளாஸ்கோ என்பதெல்லாம் பின்னாளில் ரசிகர்களும் ஆய்வாளர்களும் தோண்டி எடுத்தது. ஸ்பைடரின் முதல் கதைகளை எழுதியவர் டெட் கோவன். வரைந்தவர் ரெக் பன். ரெபெல்லியன் நிறுவனம் 2021இல் ஸ்பைடர் கதைகளை மறுபதிப்பாகக் கொண்டுவந்தபோது அட்டையில் இன்னொரு பெயரும் இருந்தது: ஜெரி சீகல்.

சூப்பர்மேனைப் படைத்த அதே ஜெரி சீகல்தான். ஜோ ஷூஸ்டர் வரைய, இவர் எழுத, 1938இல் ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் சூப்பர்மேன் வந்தான். அதன் முழு உரிமையையும் இருவரும் 130 டாலருக்கு விற்றிருந்தார்கள். பின்னால் உரிமை கேட்டு வழக்குத் தொடுத்தார்கள், தோற்றார்கள், 1940களின் இறுதியில் கதைகளிலிருந்து அவர்கள் பெயரே எடுக்கப்பட்டது. 1950களின் கடைசியில் சீகல் பழைய நிறுவனத்துக்கே கூலி எழுத்தாளராகத் திரும்பி, தான் பெற்ற பிள்ளைக்குப் பெயர் போடாமல் கதை எழுதினார். 1960களின் நடுவில் மீண்டும் உரிமைப் பேச்சு எழ, அந்த வேலையும் போயிற்று. ஏறக்குறைய அந்த நாட்களில்தான் லண்டன் லயனுக்கு ஸ்பைடரை எழுதினார். குற்ற உலகின் சக்கரவர்த்தியாக விரும்பிய ஸ்பைடர், குற்றவாளிகளை எதிர்ப்பவனாக மாறியது சீகலின் கையில்தான்.

ஆக, சுங்கை சிப்புட் லயத்தில் ஒரு மகன் தன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டிய கதைகளில் சில, சூப்பர்மேனைப் பெற்றவர் எழுதியவை. வாசித்தவருக்கும் தெரியாது, கேட்டவருக்கும் தெரியாது.

இதோடு நிறுத்தியிருந்தால் இது ஒரு சுவாரசியமான தகவலாக மட்டும் இருந்திருக்கும். அந்த அப்பாவின் கேள்வி நிறுத்தவிடவில்லை. ஸ்பைடரின் அப்பாவைத் தேடிப் போன நான், சீகலின் அப்பாவிடம் போய்ச் சேர்ந்தேன்.

மிட்செல் சீகல் லிதுவேனியாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய யூதர், கிளீவ்லாந்து நகரில் துணிக்கடை வைத்திருந்தவர். ஆறு பிள்ளைகளில் ஜெரி கடைக்குட்டி. 1932 ஜூன் 2ஆம் தேதி இரவு கடைக்குள் வந்தவர்கள் ஒரு சூட்டை எடுத்துக்கொண்டு காசு கொடுக்காமல் நடந்தார்கள். மிட்செல் அங்கேயே விழுந்து இறந்தார். மரண விசாரணை அதிகாரியின் பதிவு மாரடைப்பு என்கிறது. குடும்பத்தில் சிலர் அவர் சுடப்பட்டார் என்றே கேட்டு வளர்ந்தார்கள். ஜெரிக்கு அப்போது 17 வயது.

2004இல் ஜெரார்ட் ஜோன்ஸ் எழுதிய நூலும், 2008இல் நாவலாசிரியர் பிராட் மெல்ட்சர் நடத்திய தேடலும்தான் இதைப் பரவலாக வெளிக்கொண்டு வந்தன. மெல்ட்சர் காட்டிய தடயங்களில் என்னை நிறுத்தியவை இரண்டு. ஒன்று, ஜெரியின் ஆரம்பகால சூப்பர்மேன் படங்களில் துப்பாக்கிக் கொள்ளையனிடம் சிக்கிய ஒருவரைக் காப்பாற்றும் காட்சி இருப்பது. மற்றது, அரை நூற்றாண்டு நேர்காணல்களில் ஜெரி தன் தந்தை எப்படி இறந்தார் என்று சொல்லவேயில்லை என்பது. எல்லாவற்றையும் பற்றிப் பேசினார். துப்பாக்கிக் குண்டு துளைக்காத மனிதனை எப்படிக் கண்டுபிடித்தேன் என்று பலமுறை சொன்னார். கடையில் விழுந்த அப்பாவை மட்டும் அந்தப் பேச்சுகளில் தவிர்த்தார்.

ஒரு பையன் அப்பாவை இழந்தான், அதனால் சூப்பர்மேன் பிறந்தான் என்று ஒரே கோட்டில் இதை முடிச்சுப் போடுவதை நான் ஏற்கவில்லை. அறிவியல் புனைகதைகள், திரைப்படங்கள், வறுமை, யூத எதிர்ப்பு, பதின்ம வயதின் கனவுகள் எல்லாம் சேர்ந்துதான் அந்த நாயகன் உருவானான். ஆனால் ஒருவர் எதைப் பேச மறுத்தார் என்பதும் ஆவணம்தான். ஆகவே பேட்டிகளை விட்டுவிட்டு, அவர் எழுதிய பக்கங்களைப் பார்த்தேன்.

1939 கோடையில் வந்த ‘சூப்பர்மேன்’ முதல் இதழில் வளர்த்த தாய்தந்தையர் இறந்துபோகிறார்கள். கிளார்க் கென்ட் அவர்கள் கல்லறை முன் நிற்கும் ஒரே ஒரு கட்டம். அவன் மிகவும் வருந்தினான் என்று ஒரு வரி, அந்த வருத்தம் அவன் மனத்திலிருந்த முடிவை உறுதிப்படுத்தியது என்று அடுத்த வரி. முடிந்தது. அடுத்த கட்டத்தில் உடையை மாட்டிக்கொண்டு உலகைக் காக்கக் கிளம்பிவிடுகிறான். அதே ஆண்டு நவம்பரில் பேட்மேனின் தோற்றக் கதை வந்தது. கண்முன்னே பெற்றோர் சுடப்பட்ட சிறுவன் மெழுகுவத்தி வெளிச்சத்தில் மண்டியிட்டுச் சபதம் செய்கிறான். இழவு வீடு இல்லை, ஒப்பாரி இல்லை, பதினாறாம் நாள் இல்லை. அழுகைக்கு அவனுக்கு இருந்த கட்டங்கள் ஒன்றோ இரண்டோதான், அதற்குள் துக்கம் வேலையாக மாறிவிடுகிறது.

சூப்பர் ஹீரோ காமிக்ஸில் துக்கம் என்பது பெரும்பாலும் இந்த வடிவம்தான். இழந்தவன் அழுது தீர்ப்பதில்லை, இழப்பைச் சுமந்துகொண்டு ஓடுகிறான். தமிழ்ச் சாவுச் சடங்குகள் செய்வது இதற்கு நேர்மாறானது. கொள்ளி, பால் தெளிப்பு, கருமாதி என்று நாள் குறித்து, உறவு கூட்டி, அழவைத்து, ஒருநாள் "போதும், இனி உன் பிழைப்பைப் பார்" என்று ஊரே சொல்லி அனுப்பிவைக்கிறது. முகமூடி நாயகனுக்கு அந்தக் கடைசி நாள் வருவதேயில்லை. காரியம் முடிக்கப்படாத பிள்ளையாகவே அவன் எண்பது தொண்ணூறு ஆண்டுகளாக இரவில் அலைகிறான்.

சீகல் அந்த நாளைத் தேடியிருக்கிறார் என்று எனக்குத் தோன்ற வைத்தது 1960 நவம்பர் தேதியிட்ட ‘சூப்பர்மேன்’ 141ஆம் இதழ். எழுதியவர் சீகல், இதழில் அவர் பெயர் இல்லை. சூப்பர்மேன் காலத்தில் பின்னோக்கிப் போய், அழியப் போகும் கிரிப்டான் கிரகத்தில் இறங்குகிறான். அங்கே தன் சக்திகளை இழக்கிறான். தன்னைப் பெற்ற ஜோர்-எல்லையும் லாராவையும் சந்திக்கிறான், நான்தான் உங்கள் மகன் என்று சொல்லாமலே அவர்களோடு பழகுகிறான். லைலா என்ற நடிகையைக் காதலிக்கிறான். அந்த உலகத்தைக் காப்பாற்ற வழி தேடுகிறான், முடியவில்லை. தற்செயலாக ஒரு விண்கலத்தில் சிக்கி அங்கிருந்து பிரிக்கப்படுகிறான். பெற்றோரை இரண்டாம் முறையாக இழக்கிறான், இம்முறை குழந்தையாக இல்லை, எல்லாம் தெரிந்த வளர்ந்த மனிதனாக.

அடுத்த ஆண்டு, 149ஆம் இதழில், சூப்பர்மேன் இறப்பதாகவே ஒரு கற்பனைக் கதை எழுதினார். லெக்ஸ் லூதர் திருந்தியவன்போல் நடித்து நம்பவைத்துக் கொல்கிறான். இந்தக் கதையில் உடல் இருக்கிறது. உடலை மக்கள் பார்வைக்கு வைக்கிறார்கள். நண்பர்களும் வேற்றுக் கிரகத்தாரும் வரிசையாக வந்து பார்த்து அழுது போகிறார்கள். 1939இல் ஒரு கட்டத்தில் முடிந்த இழவு, 1961இல் பக்கம் பக்கமாக நடந்தது. 17 வயதில் அப்பாவை இழந்தவர் 46 வயதில் ஒரு நாயகனுக்கு முழுச் சாவுச் சடங்கு நடத்திப் பார்த்தார். இந்த இரண்டு கதைகளையும் அடுத்தடுத்துப் படித்தபோது என் கண் நிறைந்ததைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

அதற்கும் சில ஆண்டுகள் கழித்துத்தான் ஸ்பைடர். அவனுக்கு ஊர் இல்லை, பெற்றோர் இல்லை, பிறந்த கதை இல்லை. பெல்ஹாம், ஆர்டினி என்று இரண்டு கூட்டாளிகள், ஒரு கோட்டை, ஒரு பறக்கும் கார், அவ்வளவுதான். அந்த வெறுமை சீகலுடையது அல்ல, அது கோவன் கொடுத்துவிட்டுப் போனது. ஆனால் கையில் வந்த பிறகும் சீகல் அதை நிரப்பவில்லை. சூப்பர்மேனுக்கு இரண்டு ஜோடிப் பெற்றோரைக் கொடுத்து இரண்டு ஜோடியையும் பறித்தவர், இவனை அப்படியே விட்டுவிட்டார். ஈப்போவுக்குத் திரும்பி அந்த லாரி ஓட்டுநரிடம் இதைச் சொன்னேன். "அப்போ எழுதுனவருக்கே அப்பா இல்லியா?" என்று கேட்டார். பிறகு தன் தாத்தாவைப் பற்றி முதல்முறையாக விரிவாகப் பேசினார்.

ஜப்பானியர் காலத்தில் சயாமுக்கும், அதாவது தாய்லாந்துக்கும், பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட மலாயாவிலிருந்து 70,000க்கும் மேற்பட்டவர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பான்மையோர் தோட்டத் தமிழர்கள். வேலைவாய்ப்பு என்றும் குறுகிய கால ஒப்பந்தம் என்றும் சொல்லி அழைத்தார்கள், பிறகு வலுவில் பிடித்தார்கள். காலராவும் மலேரியாவும் பட்டினியும் அடியும் அவர்களைத் தின்றன. 1943 அக்டோபரில் பாதை இணைந்தபோது பல்லாயிரம் பேர் காட்டிலேயே புதைந்திருந்தார்கள். இன்று காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க் கைதிகளின் மயானத்தில் சுமார் 7,000 கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன, பெரும்பாலானவற்றில் பெயர், படைப்பிரிவு, தேதி. கைதிகளை எண்ணி வைக்க ஒரு ராணுவம் இருந்தது. பால் வெட்டியவர்களை எண்ணிவைக்க யாரும் இருக்கவில்லை.

அந்தத் தாத்தா இருந்த தோட்டத்தின் செக்ரோல் புத்தகத்தை, அதாவது தொழிலாளர் பதிவேட்டை, தேடினேன். தோட்டம் பல கை மாறியிருந்தது. 1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடலில் பேராக்கிலும் எத்தனையோ தோட்டங்கள் சிறு துண்டுகளாக விற்கப்பட்டன. அந்தக் கொடுமையைப் பார்த்துத்தான் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்க வழி செய்தார். ஆனால் துண்டாடப்பட்ட தோட்டங்களின் பழைய காகிதங்களைக் காப்பாற்ற ஒரு சங்கமும் இருக்கவில்லை. நான் தேடிய புத்தகம் பழைய ஆபீசோடு சேர்ந்து போய்விட்டது.

குடும்பத்தில் இருந்த ஒரே ஆதாரம் பாட்டியின் நெற்றி. கணவர் இறந்த செய்தி உறுதியாக வராததால் அவர் பல ஆண்டுகள் பொட்டை அழிக்கவில்லை. உடல் இல்லை, தேதி இல்லை, எந்த நாளில் திதி கொடுப்பது? ஆடி அமாவாசையில் பொதுவாக ஒரு படையல், அவ்வளவுதான். மகன், அதாவது படம் பார்த்துக் கதை கேட்ட அந்த அப்பா, அப்போது ஐந்து வயதுப் பிள்ளை. கொள்ளி வைக்காத பிள்ளையாகவே வளர்ந்து, மரம் வெட்டி, அறுபது வயதைத் தாண்டி இறந்தார்.

மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள் இந்தத் துயரத்தை விடவில்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள் நம்மிடம் இருக்கின்றன. அவற்றை வாசிக்கத் தெரிந்தவர்கள் வாசித்தார்கள். எழுத்துக் கூட்டிப் படித்தவர்கள் கையில் இருந்தது காமிக்ஸ்.

அந்தக் கட்டில் அப்பாவுக்கு மிகவும் பிடித்தவர் ஸ்பைடர் அல்ல என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. ராணி காமிக்ஸின் முகமூடி வீரர் மாயாவிதான், இரும்புக்கை மாயாவி அல்ல. லீ ஃபால்க் 1936 பிப்ரவரியில் படைத்த ஃபேன்டம். அவர் கதை தொடங்குவது 1536இல்: கடற்கொள்ளையர் ஒரு கப்பலைத் தாக்குகிறார்கள், அப்பாவை இழந்த பிள்ளை ஒருவன் மட்டும் கரை ஒதுங்குகிறான், பின்னர் கரை ஒதுங்கிய கொலைகாரனின் மண்டையோட்டின் மேல் சத்தியம் செய்கிறான். இதுவரை பேட்மேனைப் போலத்தான். ஆனால் ஃபால்க் இன்னொன்றையும் வைத்தார். மண்டையோட்டுக் குகையில் இதுவரை வாழ்ந்த இருபது மாயாவிகளும் வரிசையாக அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தன் வாழ்க்கையைக் குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்கிறார். அப்பா இறந்தால் மகன் அவரைத் தன் கையால் அடக்கம் செய்துவிட்டுத்தான் முகமூடியை அணிகிறான். எத்தனையோ சூப்பர் ஹீரோக்களை இந்தத் தேடலில் படித்துவிட்டேன். காரியத்தை முறையாகச் செய்து, அப்பாவின் பெயரை எழுதிவைத்து, பிறகு பணிக்குப் போகும் நாயகன் என்றால் எனக்கு முதலில் இவர்தான் நினைவுக்கு வருகிறார். அப்பாவைப் புதைத்த இடம் தெரியாத ஒரு மனிதருக்கு அந்தக் குகை ஏன் பிடித்தது என்று விளக்கத் தேவையில்லை.

சூப்பர் ஹீரோ கதைகளைச் சிறுபிள்ளை விஷயம் என்று ஒதுக்கும் ஆய்வாளர்களுக்கு என் பதில் இதுதான்: இந்தக் கதைகள் துக்கத்தைக் காட்டத் தவறவில்லை. அழ முடியாமல் போனவர்களின் துக்கம் எப்படி இருக்குமோ அப்படியே காட்டின, பேசாமல், நிற்காமல், வேலை செய்துகொண்டே. கிளீவ்லாந்தில் ஒருவர் அப்படி எழுதினார். சுங்கை சிப்புட்டில் ஒருவர் அப்படிக் கேட்டார்.

பேராக் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் சயாமுக்குப் போனவர் இருந்தால், அவருடைய பெயர், தோட்டத்தின் பெயர், போன ஆண்டு, அழைத்துப் போனவர் யார், கடைசியாகப் பார்த்தவர் யார் என்பவற்றை இன்றே ஒரு தாளில் எழுதுங்கள். தெரிந்தவரை போதும். உயிரோடிருக்கும் மூத்தவரிடம் கேட்டு, அவர் சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். ஒரு பிரதியை அருகிலுள்ள தமிழ்ப்பள்ளியிலோ நூலகத்திலோ கொடுங்கள். பழைய காமிக்ஸ் கட்டுகளையும் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். உள்ளட்டையில் யாராவது தங்கள் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதியிருந்தால், அதுவும் ஒரு ஆவணம்.